தகட்டைத் தொடாதீர்கள், மாமா

ஈசால்மி,
டிசம்பர் 16

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகள் தைனா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகன் இல்காவும் பேத்தி வில்யாவும் தடையில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும் அவ்வாறே மூச்சு விட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மற்றவர்கள் கடிதத்தில் இது உபசார வார்த்தை. நம் குடும்பத்தில், சென்ற ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, இது உண்மையான விசாரிப்பு.

உங்கள் மகன் என்னை மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். தாளையும் பேனாவையும் மேசையில் வைத்து, காபியும் ஊற்றிக் கொடுத்து, "அப்பா போனை எடுக்க மாட்டேங்கறார். கிறிஸ்துமஸுக்கு வரலையாம். பட்டாணி சூப் டப்பா வாங்கி வச்சிட்டேன், எனக்கு அது போதும்னு சொல்லியனுப்பியிருக்கார். நீ ரெண்டு வரி எழுதிடேன், தைனா" என்று சொல்லிவிட்டு விறகுக் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொண்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. வீட்டைச் சூடாக்கும் செங்கல் அடுப்பை நாங்கள் அன்றிலிருந்து மூட்டவே இல்லை, மின்சார ஹீட்டர்தான் ஓடுகிறது. மாமா, இரண்டு வரியில் அடங்குகிற விஷயம் எதுவும் என்னிடம் இல்லை. இது மன்னிப்புக் கடிதமும் இல்லை. அன்றைக்குப் பனியில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டு ராய்லி அம்மாள் நாயைப் பிடித்தபடி வேலிக்கு அந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருக்க, "இந்த வீட்டுல இனிமே நீங்க தீப்பெட்டியைக்கூடத் தொடக் கூடாது!" என்று கத்தினேன் அல்லவா, அதை ஏன் கத்தினேன் என்று விளக்கும் கடிதம். கத்தியதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. குரலை வேண்டுமானால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

நவம்பரில் உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களை மாற்றுகிறார்கள் என்று இங்கே வந்தீர்கள். சந்தோஷம். காருக்குப் பின்னால் ஒரு வண்டி விறகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தீர்கள். கடையில் வாங்கும் விறகுக்கு அப்பா அம்மா யாரென்று தெரியாது, நான் கொண்டுவந்திருப்பது என் தோட்டத்து பிர்ச் என்றீர்கள். அதுவும் சந்தோஷம்தான். ஆனால் அந்த மரத்தை இந்த வருடம் கோடையில் வெட்டினீர்கள் என்பதை நான் நேராகக் கேட்கும்வரை சொல்லவில்லை. கேட்டதற்கும், "கோடையா இருக்கலாம், வசந்தமாவும் இருக்கலாம்" என்றீர்கள். நான் கடற்கரைப் பக்கத்தவள். எங்கள் ஊரில் ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. உங்கள் ஊரில் ஒருவர் வாயைத் திறந்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு கேட்டவர் தலையில் விழுந்துவிடுகிறது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதற்கு என் தலை பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் இரண்டு விறகை எடுத்து என் காதருகே ஒன்றோடொன்று தட்டி, "கேளும்மா, தேவாலய மணி மாதிரி" என்றீர்கள். "மணி இல்ல மாமா, ஊறின ரொட்டி மாதிரி கேக்குது" என்றேன். ஈரம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து அதன் இரண்டு ஊசியையும் விறகில் குத்திக் காட்டினேன். நீங்கள் அதைக் கண்ணெடுத்தும் பார்க்காமல், "அந்தப் பொட்டிகிட்ட நாளைக்கு மழை வருமான்னும் கேட்டு வச்சுக்க" என்றீர்கள். வில்யா சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்பிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது. ஈர விறகு அடுப்புக்குள் நுரை தள்ளி உஸ்ஸென்று சீறியது, கண்ணாடிக் கதவு காபி டிகாக்ஷன் நிறத்துக்குப் போயிற்று, புகைபோக்கிக்குள் எவ்வளவு தார் படிந்திருக்கிறது என்று அதைத் துடைக்க வருகிறவர்தான் அடுத்த வாரம் வந்து சொல்ல வேண்டும். ஒரு நாள் அது தானாகப் பற்றிக்கொண்டு கூரைக்கு மேல் ராக்கெட் மாதிரி எரியட்டும், அப்போதும் நீங்கள், "தீயா இருக்கலாம்" என்பீர்கள்.

பற்றவைப்பதை எடுத்துக்கொள்வோம். விறகை அடுக்கி, மேலே சுள்ளி வைத்து, மேலிருந்து கீழே எரியவிட்டால் புகை குறையும், புகைபோக்கி சுத்தமாக இருக்கும். நான் அப்படித்தான் செய்கிறேன். நீங்கள் பின்னால் வந்து நின்று, "கூரையை மொதல்ல போட்டுட்டு அப்புறம் சுவர் வைக்கிறவளை இப்பத்தான் பாக்குறேன்" என்றீர்கள். சொன்னதோடு விட்டீர்களா? நான் மருந்துக்கடை வேலைக்குப் போனதும் எல்லாவற்றையும் பிரித்துக் கீழே பால் அட்டைப் பெட்டிகளைத் திணித்துக் கொளுத்தினீர்கள். ஆயுள் முழுக்கப் பால் லாரி ஓட்டியவர், பால் பெட்டி மீது உங்களுக்குப் பாசம் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. அந்தப் புகையைத்தான் உங்கள் பேத்தி சுவாசிக்கிறாள் என்றதற்கு, "பால்தானே, உடம்புக்கு நல்லது" என்று ஒருவர் பதில் சொன்னால் மனிதன் என்னதான் செய்வது?

அடுத்தது சாம்பல். சாம்பல் போடவென்றே மூடியுள்ள இரும்பு வாளி ஒன்று வாங்கி, வாசல் அறையில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்திருந்தேன். அதில் நீங்கள் மீனை உப்பில் ஊறப் போட்டுவிட்டீர்கள். சரி, வாளி இல்லை. அதற்காகச் சாம்பலை எதில் அள்ளுவது? தரை துடைக்கும் பிளாஸ்டிக் வாளியிலா? சாம்பல் வெளியே பார்க்க வெள்ளையாக, சாதுவாக, பாவம்போல இருக்கும். உள்ளே கங்கு இரண்டு நாள் உயிரோடு கிடக்கும். இது உங்களுக்குத் தெரியாததா? நான் வேலை விட்டு வந்தபோது வாளிக்கு அடிப்பாகமே இல்லை. அது உருகி இல்காவின் பனிச்சறுக்குப் பூட்ஸுக்குள் இறங்கியிருந்தது. பூட்ஸ் தரையோடு ஒட்டிக்கொண்டு, சறுக்கத் தயாராக நிற்கிற ஆள் மாதிரி நின்றது. ஆள்தான் இல்லை. "செத்துப்போன சாம்பல்னு நெனச்சேன்" என்றீர்கள். "மாமா, சாம்பல் செத்துச்சா இல்லையான்னு கையை வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "கையை வச்சிருந்தா சுட்டிருக்குமே" என்றீர்கள். இதைச் சொன்னபோது உங்கள் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. இல்கா எழுந்து பின்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அவரை எனக்குத் தெரியாதா!

இந்த மாதம் ஆறாம் தேதி சுதந்திர தினத்தன்று ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றி நாங்கள் பயபக்தியோடு உட்கார்ந்திருக்கும்போது, அடுப்புக் கதவின் இரும்புச் சட்டத்தில் நீங்கள் காயப் போட்ட கம்பளிக் கையுறை கருகி, நாடு பிறந்த நாளில் வீடு முழுக்கச் செம்மறியாட்டைத் தீய்த்த வாடை அடித்ததை நான் பெரிதுபடுத்தவில்லை. புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியைப் பிடுங்கி, சறுக்குப் பந்தய வர்ணனை கேட்க ரேடியோவில் போட்டுக்கொண்டதையும் பெரிதுபடுத்தவில்லை. வேறு பேட்டரி வாங்கிவந்து போட்டேன், அவ்வளவுதான். கூடவே, கார்பன் மோனாக்சைடுக்கென்று தனியாக ஒரு கருவியும் வாங்கி அடுப்புக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தூக்கம் வருவதுபோல வந்து ஆளைக் கொண்டுபோய்விடும் என்று சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் சொன்னேன். வில்யா கேட்டாள், இல்கா கேட்டார், நீங்கள் உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாளே அதற்கு, மருமகளின் குயில் என்று பெயர் வைத்தீர்கள்.

இப்போது தகடு. மாமா, இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

தீ எரியும்போது புகைபோக்கிக்குள் இருக்கும் அந்த இரும்புத் தகடு திறந்திருக்க வேண்டும். வெளியே இருக்கும் கைப்பிடி நேராக நின்றால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல். தீ அணைந்து, நீலச் சுடர் போய், கடைசிக் கங்கும் கருத்த பிறகுதான் அதை மூட வேண்டும். அப்போது சூடு செங்கல்லுக்குள் தங்கும். முன்னாலேயே மூடினால் சூட்டோடு நச்சுவாயுவும் நம்மோடு தங்கிவிடும். மூட்டியவரே மூட வேண்டும் என்பது இந்த நாட்டில் அடுப்பு உள்ள எல்லா வீட்டுக்கும் பொதுச் சட்டம். நம் வீட்டில் மூட்டுவது நான், மூடுவது நீங்கள். கங்கு இன்னும் செக்கச்செவேலென்று கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து, சோம்பல் முறிப்பதுபோலக் கையைத் தூக்கி, இறக்கும்போது கைப்பிடியைக் குறுக்கே திருப்பிவிடுவீர்கள். நான் மேசை துடைப்பதுபோலப் போய் நேராக்குவேன். நீங்கள் ஜன்னலில் தட்பவெப்பம் பார்க்கப் போவதுபோலப் போய்க் குறுக்காக்குவீர்கள். இல்கா பேப்பருக்குப் பின்னால். ஒரு நாள் நான் பொறுக்காமல் கேட்டேன்.

"மாமா, ஏன் இப்படி அவசரப்படுறீங்க?"

"வானத்துல போற காக்காய்க்கா நாம வெறகு எரிக்கிறோம்? சூடெல்லாம் மேல போகுதும்மா. முந்தி இந்த அடுப்பு விடியுற வரைக்கும் சூடா இருக்கும். இந்த வருஷம் படுக்கப் போறதுக்குள்ள சில்லுனு ஆயிடுது. எங்கயோ கோளாறு."

"கோளாறு அடுப்புல இல்ல மாமா. வயசானா குளிரத்தான் செய்யும்."

"இருக்கலாம்" என்றீர்கள். அதற்குப் பிறகு இன்னும் சீக்கிரமாக மூட ஆரம்பித்தீர்கள்.

இந்த அடுப்பைக் கட்டியது நீங்கள்தான், தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு மற்றவர்கள் போர்வையும் கோப்பையும் கொடுத்தபோது நீங்கள் செங்கல்லோடு வந்து இறங்கினீர்கள். அதற்கு மூச்சு விடக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள். இருக்கட்டும். அடுப்பு மூச்சு விடுவது பெரிதா, அதன் முன்னால் இருக்கும் மனிதர்கள் மூச்சு விடுவது பெரிதா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் இல்கா பனி அள்ளப் போயிருந்தார். நான் அடுக்களையில் ரை தானிய மாவில் புரட்டிய ஏரிப் பொடிமீனை வெண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தேன். வாடை கிறிஸ்துமஸ் திரைச்சீலைகளில் ஏறக் கூடாது என்று மின் அடுப்பு மேலிருக்கும் புகை உறிஞ்சியை முழு வேகத்தில் வைத்திருந்தேன். புதிதாக மாட்டிய மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் இறுகச் சாத்தியிருந்தன. ஒரு கொசுவின் மூச்சுகூட உள்ளே வராத வீடு அது, என் சம்பாத்தியத்தில் போட்ட ஜன்னல். நீங்கள் ஆடும் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தீர்கள். வில்யா அடுப்போரப் பலகையில் படுத்துக் கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தவள், "அம்மா, தலை பாரமா இருக்கு. எழுத்தெல்லாம் நகருது" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். கங்கு சிவப்பு. கைப்பிடி குறுக்கே.

சுவரைப் பார்த்தேன், கருவி மாட்டிய ஆணி மட்டும் இருந்தது. அப்போதுதான் உங்கள் அறை மேசை அலறியது. மேசை அலறியது, மாமா! நான் என் ஆயுளில் மரச்சாமான் அலறிக் கேட்டதில்லை. இழுப்பறையைத் திறந்தால் கம்பளிக் காலுறைக்குள் அடைபட்டு, மூன்று சட்டைக்கு அடியில், என் குயில் உயிர் போகக் கத்திக்கொண்டிருக்கிறது.

பிள்ளையைத் தூக்கிப் பனியில் போட்டேன். திரும்பி வந்து உங்களை இழுத்தேன். நீங்கள் நாற்காலியை விட்டு எழாமல், "மீன் கருகுதும்மா" என்றீர்கள். மீன் கருகத்தான் செய்தது. நீங்கள் செருப்பில்லாமல் பனியில் நின்றீர்கள், வில்யா வாந்தியெடுத்தாள், என் கை அவள் முதுகில் இருந்தது, அந்தச் சின்ன முதுகு நடுங்கியது. மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நேரத்தோடு வெளியே வந்தீர்கள், பயமில்லை என்றார்கள். நேரத்தோடு என்ற அந்தச் சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. அதற்கும் முன்னால், பனியில் நின்றபோதுதான் அந்தத் தீப்பெட்டி வார்த்தையைச் சொன்னேன். நீங்கள் என்னைப் பார்த்து, "சரியா இருக்கலாம்" என்றீர்கள். மறுநாள் காலை காபிகூடக் குடிக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டீர்கள்.

இத்தனைக்கும் பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியது நானா? கிறிஸ்துமஸ் மாலையில் அத்தையின் கல்லறையில் நாம் எல்லாரும் சேர்ந்துதான் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். இந்த வருடம் அந்தப் பனியில் நீங்கள் தனியாக நிற்பதை நினைத்தால் எனக்கும் நன்றாக இல்லை. ஆனால் வில்யா படுத்திருந்த அந்தப் பலகையை நினைத்தால் அது எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறது. வாருங்கள், வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தால் அடுப்பிலிருந்து பத்தடி தள்ளித்தான் உட்கார வேண்டும். உங்களுக்கும் தகட்டுக்கும் இனி எந்த உறவும் கிடையாது. எழுத்தில் சம்மதம் அனுப்புங்கள். "இருக்கலாம்" என்ற சொல் அதில் எங்கும் இருக்கக் கூடாது. வெறும் வார்த்தையில் நீங்கள் நழுவிவிடுவீர்கள் என்பதால், கைப்பிடி குறுக்கே நின்றால் உள்ளே தகடு எப்படிக் கழுத்தை நெரிக்கிறது என்று போட்டோ எடுத்து இத்துடன் வைக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுக் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறதா? முழங்காலுக்குத் தடவும் களிம்பைக் காலையிலும் இரவிலும் மறக்காமல் தடவுங்கள். வில்யா உங்களுக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள். கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளும், எனக்கு அதைத் தாங்கும் பொறுமையும் அருள்வாராக.

வணக்கத்துடன்,
தங்கள் மருமகள்
தைனா

பி.கு.: போட்டோ வைக்கவில்லை. ஏனென்று சொல்கிறேன். கரி வாரும் சின்னக் கதவைத் திறந்து, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து நான் உள்ளே பார்க்க, வில்யா வெளியே நின்று கைப்பிடியைத் திருப்பினாள். நேராக, குறுக்கே, நேராக, குறுக்கே. பிறகு நான் திருப்ப, அவளும் வந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, கம்பி மட்டுந்தான் சுத்துது. தகட்டைக் காணோமே" என்றாள். காணோம்தான். கம்பியிலிருந்து கழன்று விழுந்து, ஒரு மூலையில் கரிக்குள் சாய்ந்து கிடக்கிறது. வசந்தத்தில் புகைபோக்கி துடைத்தபோது இருந்தது. அதற்குப் பிறகு எப்போது விழுந்ததோ. "அப்ப தாத்தா எதை மூடினாரு?" என்று கேட்டாள். நான் எதைத் திறந்தேன் என்று அவள் கேட்கவில்லை, நல்ல பிள்ளை.

ஆகவே சூடு தங்கவில்லை என்று நீங்கள் சொன்னது உண்மை. காக்காய்க்குத்தான் எரித்திருக்கிறோம். வயசானா குளிரும் என்று நான் சொன்னது வீண்வாய்.

அப்படியானால் அன்றைக்கு வாயு எங்கிருந்து வந்தது? நானும் இல்காவும் ஜன்னல்களைச் சாத்தி, ஆறிக் கிடந்த அடுப்பின் வாயில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தோம். சுடர் புகைபோக்கிப் பக்கம் சாய்ந்தது. அடுக்களைப் புகை உறிஞ்சியை முழு வேகத்தில் போட்டேன். சுடர் மெல்லத் திரும்பி, என்னை அடையாளம் காட்டுவதுபோல வீட்டுக்குள் சாய்ந்தது. கொசு மூச்சு வராத வீட்டில் அந்த விசிறி காற்றுக்கு எங்கே போகும்? புகைபோக்கி வழியாக உறிஞ்சியிருக்கிறது, கங்கின் நஞ்சோடு. ஜன்னல் என்னுடையது, விசிறி என்னுடையது, மீனும் நான் பொரித்ததுதான். இல்கா இந்த முறை சிரிக்க வெளியே போகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்காக நீங்கள் தப்பித்தீர்கள் என்று நினைக்காதீர்கள். தகடு இருந்திருந்தால் நீங்கள் மூடியிருப்பீர்கள். நான் உறிஞ்சியிருப்பேன், நீங்கள் அடைத்திருப்பீர்கள். இந்தக் கடிதம் எழுத ஆள் இருந்திருக்காது, படிக்கவும்தான். அன்றைக்கு இந்த வீட்டில் அறிவோடு நடந்துகொண்டது அந்தக் கழன்று விழுந்த தகடு ஒன்றுதான்.

மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். மனம் வரவில்லை. ஈர விறகும் பால் பெட்டியும் வாளியும் உண்மைதானே. தகட்டைப் பற்றிய பக்கங்களை மட்டும் நீங்களே அடுப்பில் போட்டுவிடுங்கள். வெறும் காகிதம், பிளாஸ்டிக் பூச்சு இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளே புதுத் தகடும் கருவிப்பெட்டியும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். புகைபோக்கி துடைப்பவரும் அதற்குள் வந்து பார்த்துவிடுவார். மாட்டுவது நீங்கள், மூட்டுவது நான், கங்கு கருத்ததா என்று இருவரும் சேர்ந்து குனிந்து பார்ப்போம். மீனை வெளியே, முற்றத்தில் பொரித்துக்கொள்கிறேன். பத்தடி என்று எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், உங்கள் நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

குயிலின் வாயை அடைத்ததை மட்டும் நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். அந்தக் காலுறையைத் துவைக்கும்போதுதான் பார்த்தேன், அத்தை பின்னியது. ஒன்றுதான் இங்கே இருக்கிறது. இன்னொன்று உங்களிடம் இருக்கும். இருக்கலாம் என்று சொல்லாதீர்கள். எடுத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள், மாமா. இந்தக் குளிரில் ஒற்றைக் காலோடு எவ்வளவு நாள் இருப்பீர்கள்?